அரைப் புள்ளி வெங்காயம்

நம்மிடையே வரைவிலக்கணக்காரர் என்றோர் இனம் உண்டு. அருகிவரும் இனமோ என்று கவலைப்படாதீர்கள், வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் இவர் பாலை இறக்கமாட்டார். கொதித்தல் என்றால் என்னவென்று சொல்லுவார்.

அளவெட்டிச் சோமசேகரம் மாஸ்டரைப் பாருங்கள். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். கலமென்சவ்வுக்குள்ளால் எது போகும், எது வெளியே நிற்கும், உப்புக் கரைசலில் போட்ட பப்பாசித் துண்டு ஏன் சுருங்கும் என்றெல்லாம் படத்தோடு, அம்புக்குறியோடு, கொட்டாவி விட்டவனுக்குக் குட்டோடு விளக்கியவர். ஓய்வுபெற்றார். மனைவி உதயகலா ஒன்றரை மாதமாய் முதுகு முறிய வளர்த்த வெங்காயத் தோட்டத்தில் கால் வைத்தார். சனியன் பிடிக்க வேறென்ன வேண்டும்? பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்புவின் வெங்காயம் பச்சைப்பசேலென்று நிற்பதைப் பொறுக்காமல், வழக்கமான யூரியாவைப்போல் மூன்று மடங்கை அள்ளி எறிந்தார்.

மறுநாள் மத்தியானம் தாளெல்லாம் துவண்டு கிடந்தது.

"இஞ்சருங்கோ, என்ரை வெங்காயம் சாகுது!" என்று உதயகலா குழறினார்.

கந்தப்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்.

"மாஸ்டர், உரம் கூடிப்போச்சு. வேருக்குள்ளை இருக்கிற தண்ணியை மண் இழுக்குது. கெதியா இறையுங்கோ, உரம் கழுவிப் போகட்டும்."

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. வெங்காயத்துக்காக அல்ல.

"கந்தப்பு, நீர் சொல்லுறதுக்குப் பேர் பிரசாரணம். ஆனா அரைகுறை. தண்ணி எதுக்குள்ளாலை போகுது? பங்கூடு புகவிடும் மென்சவ்வுக்குள்ளாலை! அதைச் சொல்லாட்டி அரைப் புள்ளிதான்."

"ஓம் மாஸ்டர். மோட்டரைப் போடுங்கோ."

"பொறும். முழுசா ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

பாவம் மனிசன், சொன்னார். மாஸ்டர் திருத்தினார். மறுபடியும் சொன்னார். மறுபடியும் திருத்தினார். இதற்குள் உதயகலா ஓடிப்போய் மோட்டரைப் போட்டதால் பாதித் தோட்டம் பிழைத்தது. மறுபாதி வரைவிலக்கணத்துக்குப் பலி.

மாஸ்டருக்குத் துக்கமே இல்லையென்று சொல்லாதீர்கள். பின்னேரம் கருகிய பாத்தியின் வரம்பில் நின்று, "பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கை இப்பிடியொரு உதாரணம் கிடைக்கேல்லையே!" என்று பெருமூச்சு விட்டார். உதயகலாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அது எந்தச் சவ்வுக்குள்ளால் வந்தது என்று கேட்க மட்டும் மாஸ்டருக்குத் துணிவு வரவில்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் கந்தப்பு மென்சவ்வை விட்டது பிழைதானே என்று இடையில் ஒரு கணம் உங்கள் மனமும் சொன்னதா? சொன்னதென்றால் வாசித்தது போதும். எழும்பிப் போய், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பாருங்கள்.