மேற்படி நாயும் நோட்டீஸ் சாரும்

ஹைதராபாத்திலேயே மிக அதிகமாக எழுதியவரும் மிகக் குறைவாகப் படிக்கப்பட்டவரும் எங்கள் நோட்டீஸ் சார்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் நான் பேச்சலராகக் குடியிருந்த ஐ.டி. காலம் அது. கீழ் ஃப்ளாட்டில் அவர், என்னைப் போலவே தமிழர், தனி ஆள். மௌலா அலி பக்கம் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் டிராயிங் செக்‌ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வாய்தான் திறக்காது. எதிரே வந்தால் குனிந்துகொண்டு போய்விடுவார். ஆனால் மறுநாள் மாடிப்படிச் சுவரில் நீல ஸ்கெட்ச் பேனாவில் நோட்டீஸ் இருக்கும். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.

'பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கீழே யார் தலையாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றவும். நேற்று இருந்தது என் தலை.'

'அடுத்தவர் வாசலில் இருக்கும் பால் பாக்கெட் அடுத்தவருடையது.'

ஆரம்பத்தில் கூட்டம் கூடிப் படித்துச் சிரித்தோம். வாரத்துக்கு நாலு வந்தால் யார் படிப்பது? 'தெரு நாய்களுக்கு இங்கே சோறு போடக் கூடாது' என்று ஒன்று ஒட்டினார். அடுத்த மழைக்காலத்தில் ரோடு போடத் தோண்டிய பள்ளத்தில் கால் நசுங்கிக் கிடந்த ஒரு குட்டியைக் காய்கறிப் பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். மறுநாள் புது நோட்டீஸ்: 'மேற்படி விதி என் வீட்டில் இருக்கும் நாய்க்குப் பொருந்தாது.'

அதோடு நாங்கள் நோட்டீஸ் படிப்பதையே விட்டுவிட்டோம். நாய்க்கு மேற்படி என்று பெயர் வைத்துவிட்டோம். சார் இரண்டு நாள் முறைத்தார். அப்புறம் அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார், அதன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் கல்யாண ஊர்வலம். பேண்டு, குதிரை, பத்தாயிரம்வாலா. கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு மேற்படி ஓடிவிட்டது. இது எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் கேபுக்காக முனையில் இட்லி வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மேற்படி நொண்டிக்கொண்டு வந்து வாலாட்டியது. "என்னடா, வாக்கிங்கா? வீட்டுக்குப் போ" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன்.

புதன்கிழமை சாயங்காலம் காலிங் பெல். திறந்தால் நோட்டீஸ் சார். கையில் காகிதம் இல்லை. மூன்று நாள் தாடி.

"தம்பி... மேற்படியைக் காணோம்."

"நேத்துகூடப் பார்த்தேனே சார்! எப்பலேர்ந்து?"

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து. நோட்டீஸ் போட்டிருந்தேனே, தம்பி."

அவர் குற்றம் சொல்லவில்லை, தகவல்தான் சொன்னார். அதனால்தான் அதிகமாக உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு ஓடினேன். இட்லி வண்டிப் பக்கத்துக் கம்பத்திலேயே ஒட்டியிருந்தார், நாயின் படம் வரைந்து, எந்தக் கால் நொண்டி என்று அம்புக்குறி போட்டு. முந்தின நாள் அந்தக் கம்பத்தில்தான் நான் சாய்ந்துகொண்டு நின்றிருந்தேன்.

"லங்டா குத்தா? ஹவ் சாப், கல் தக் இதர்ச் தா" என்றார் வண்டிக்காரர். நொண்டி நாய் நேற்று வரை இங்கேதான் இருந்ததாம். இன்று காலையில் நாய் பிடிக்கிற வேன் வந்ததாம், அதற்கப்புறம் பார்க்கவில்லையாம். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சத்தமாக் கூப்பிடுங்க சார்" என்றேன்.

"தெருவுலயா?"

"உங்க குரல்தான் சார் அதுக்குத் தெரியும்."

தொண்டையைச் செருமினார். சுற்றுமுற்றும் பார்த்தார். "மேற்படி" என்றார், லைப்ரரியில் பேசுகிற மாதிரி. இன்னொரு தரம் கொஞ்சம் கூட்டி. மூன்றாவது தரம் என்ன ஆயிற்றோ, "மேற்படீ... ஏ மேற்படீ!" என்று ஒரு கத்தல். பால்கனிகளில் தலைகள் முளைத்தன. தமிழ் தெரியாத பிள்ளைகளெல்லாம் கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கூடவே "மேற்படீ, மேற்படீ" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். அரை மணி நேரம் சந்து சந்தாக அலைந்தோம். சாருக்குக் குரல் கட்டிப்போயிற்று.

பாதி கட்டி நின்ற ஒரு அபார்ட்மெண்டில், சிமெண்ட் குழாய்க்குள்ளிருந்து முதலில் மூக்கு வந்தது. பிறகு மற்றதெல்லாம் வந்தது. சார் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைக் கட்டிக்கொண்டு அவர் அழுததை நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் சுவரில் நோட்டீஸ்: 'மேற்படி கிடைத்துவிட்டது. தேடிய அனைவருக்கும் நன்றி.' அனைவர் என்றால் நானும் கிரிக்கெட் பிள்ளைகளும்தான், அதுவும் கடைசி அரை மணி நேரம்.

இப்போது சென்னையில் எங்கள் அபார்ட்மெண்டிலும் லிஃப்ட் பக்கத்தில் ஏதாவது ஒட்டியிருக்கும். ஆபீசுக்கு நேரமானாலும் நின்று கடைசி வரி வரை படிக்கிறேன். "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்பாள் மனைவி.

யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே.