அறுநூற்று எழுபத்து நான்கு வயதுச் சலூன்

ஜப்பான்காரர்கள் ஆண்ட மூன்றரை ஆண்டுகளில் மலாயாவிலேயே அதிகம் சலித்துப்போன மனிதர் எங்கள் மலாக்காவின் காஜா பெராங் சாலையில்தான் உட்கார்ந்திருந்தார். சயாமுக்குப் போய் ரயில் பாதை போட்டவர்களை இதில் நான் சேர்க்கவில்லை. அவர்கள் பட்டதற்குச் சலிப்பு என்று பெயர் வைக்க முடியாது. பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே ஒரு மனிதர் எவ்வளவு தூரம் களைக்கலாம் என்பதற்கு எல்லை ஒன்று இருக்குமானால், அந்த எல்லையில் மேசை போட்டிருந்தவர் உஸ்ஸுக் கிராணி.

அவருடைய சொந்தப் பெயரை என் கையாலேயே பலமுறை பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். ஊரில் யாரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதில்லை. சண்டைக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். வக்கீல் சிங்கப்பூருக்கு ஓடியபோது சம்பளத்துக்குப் பதிலாக மேசையை விட்டுவிட்டுப் போனார். கிராணி அந்த மேசையை ஒரு மூடிய கடையின் முன்னால், அஞ்சடி நடைபாதையில் இழுத்துப் போட்டு, கடைக்காரர்களுக்கு வரிப் பாரம் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் ஊரில் படிவத்தைப் பாரம் என்போம்.

பேனாவை மையில் தொடுவதற்கு முன் அவர் ஒரு மூச்சு விடுவார். உஸ்ஸ்ஸு. அது அடிவயிற்றில் புறப்பட்டு, கழுத்து வழியாக வந்து, மேசைமேல் இருந்த காகிதங்களைக் கலைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் முடியும். இதற்காகவே இரண்டு எடைக்கற்களைக் காகிதத்தின்மேல் வைத்திருந்தார்.

கடை அனுமதி முடிகிற மாதம்தான் அவருக்குச் சீசன். மாதம் முழுவதும் ஒருவரும் வரமாட்டார்கள். கடைசி வாரத்தில் அறுபத்து மூன்று கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் வருவார்கள். கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, தோக்கியோ நேரம் என்று ஆக்கியிருந்த காலம் அது. வரி அலுவலகம் நான்கு மணிக்கு மூடும். சூரியன் கணக்கில் அது இரண்டரை. கடைக்காரர்கள் சூரியனைப் பார்த்து வருவார்கள், கதவு மூடியிருக்கும், திரும்பிவந்து கிராணியைத் திட்டுவார்கள். கிராணி இரண்டு கைகளிலும் கடிகாரம் கட்டியிருந்தார். "இது ஆபீசுக்கு, இது என் வயித்துக்கு" என்பார்.

முழு எண்கள் அவருக்கு ஆகாது. மசாலைக் கடை பாய் ஒருநாள் மாத விற்பனை நூறு வெள்ளி என்றார். கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பாய், நூறுன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. தொண்ணூத்தி ஏழு இருக்கு. நூத்தி நாலு இருக்கு. நீங்க எது?"

"சுமாரா நூறு லா கிராணி."

"சுமாரா ஒரு வியாபாரம் நடக்குமா? வீட்டுக்குப் போங்க. சீரகத்தை நெனச்சுக்கிட்டே நடங்க. தானா வரும்."

பாய் போனார். மறுநாள் வந்து தொண்ணூற்று மூன்று என்றார். கிராணிக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பார்க்கவேண்டும். அந்த வாரத்தில் அவர் உஸ்ஸு போடாமல் எழுதிய ஒரே பாரம் அது.

செட்டித் தெருவில் கூயே பலகாரம் விற்ற பீபி வேறு விதம். மலாக்காச் செட்டிமார் வீட்டில் பேசுவது மலாய்தான். கிராணி எதைக் கேட்டாலும் பீபியிடம் ஒரே பதில், "தா' தாவு". தெரியாது என்று பொருள்.

"எப்ப கடை தொடங்கினீங்க பீபி?"

"தா' தாவு."

"பலகாரத்துக்கு என்ன மாவு?"

"நேத்து மரவள்ளி. இன்னிக்கும் மரவள்ளி. நாளைக்குத் தா' தாவு."

"தெரியாதுன்னு பாரத்துல கட்டம் இல்ல பீபி" என்று மலாயில் கெஞ்சினார் கிராணி. பீபி மேசையை எட்டிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இடம் இருக்கிறதே, அங்கே ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாமே என்றார். கிராணி நெற்றியை மேசைமேல் வைத்தார். கடைசியில் பீபியின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பழைய அனுமதிச் சீட்டை அவரே நேரில் போய்ப் பார்த்து எழுதினார். கூலியாக இலையில் நான்கு பலகாரம் வந்தது. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை அவர் வாங்குவதில்லை. ஒரு சவுக்காரத் துண்டு, சிகரெட் டின்னில் அரிசி, இப்படித்தான்.

இவ்வளவையும் தாண்டிப் பாரம் வரி அலுவலகத்துக்குப் போனால், அங்கே சன்னலுக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருப்பான். கிராணியின் மிச்ச உயிரை எடுத்தவன் அவன்தான். அவன் நான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு, ஜப்பான்காரன் வந்த கையோடு நிப்போங்கோ என்ற ஜப்பானிய மொழி வகுப்பில் முதலாவதாகத் தேறி, சட்டையில் சின்னம் குத்தியிருந்தேன். அலுவலகத்தில் ஜப்பான் அதிகாரிக்கு மொழிபெயர்க்கிறவனும் நானே. பாரத்தைத் திருப்பி அனுப்புவதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. மை கொஞ்சம் ஊறியிருந்தால் திருப்புவேன். மடிப்பு கோணலாக இருந்தால் திருப்புவேன். கிராணி அதை வாங்கிக்கொண்டு, "சரிங்க தம்பி" என்று காஜா பெராங்குக்கு நடப்பார். சைக்கிள் டயருக்குப் பதில் ரப்பர் குழாயைக் கட்டி ஓட்டிய காலம். அவரிடம் அதுவும் இல்லை.

அந்த ஆண்டு புதுப் பாரம் ஒன்று வந்தது. கடை எந்த ஆண்டு தொடங்கியது என்று அதில் ஒரு கட்டம். நீண்ட நாள் நடக்கும் கடைக்கு வரி கூடுதல். ஜப்பான்காரர்கள் எங்கள் ஆண்டுக் கணக்கையும் மாற்றியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் 1943 என்றால் அலுவலகத்தில் 2603. கிராணி சன்னலுக்கு வந்தார்.

"தம்பி, தொடங்கின வருஷம் பழைய கணக்கா, புதுக் கணக்கா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. "பழைய சீட்டில உள்ளதையே போடுங்க" என்றேன்.

போனவர் திரும்பி வந்தார். "தம்பி, மேல தேதி 2603ன்னு இருக்கு. கீழ 1929ன்னு போட்டா ஒட்டலியே?"

"ஒட்டும் ஒட்டும்."

மாலையில் மூன்றாவது தடவை வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வாயைத் திறந்தார். நான் நிமிர்ந்து பார்க்காமலே, "கிராணி, ஒரு தடவ சொன்னா புரியாதா?" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அறுபத்து மூன்று பாரத்திலும் பழைய கணக்கையே எழுதிக் கொடுத்தார்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மணிச்சட்டத்தைத் தட்டி, 2603இலிருந்து எழுதியிருந்ததைக் கழித்து, கடையின் வயதைப் பதிவேட்டில் ஏற்றினார். ஏற்றுவது அவர் வேலை. யோசிப்பதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். முதல் வரி சிங்காரத்தின் முடிவெட்டும் கடை. வயது அறுநூற்று எழுபத்து நான்கு. அதிகாரி மரியாதையுடன் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். தங்கள் நாட்டிலேயே இத்தனை பழைய கடைகள் அதிகம் இல்லை என்றார். அந்தச் சிங்காரத்தைத் தான் பார்க்கவேண்டும் என்றார். அடுத்து பீபியின் பலகாரக் கடை, அறுநூற்று அறுபத்தொன்பது. அதற்கும் தலையை ஆட்டினார். பத்தாவது வரியில் ஆட்டுவதை நிறுத்தினார். மலாக்கா என்று ஒரு பட்டணம் ஏற்படுவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே காஜா பெராங்கில் சலூன், மசாலை, பலகாரம், சைக்கிள் பஞ்சர் எல்லாம் கிடைத்திருக்கின்றன.

தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார். பாரம் எல்லாம் ஒரே கையெழுத்து. கிராணியை அழைத்துவரச் சொன்னார்.

கிராணி வந்து இடுப்பு வளைத்துக் கும்பிட்டு நின்றார். அதிகாரி முதலில் அவருடைய வேலை அட்டையை வாங்கி மேசைமேல் போட்டார். அந்த அட்டை இல்லாத ஆணைச் சாலையில் பார்த்தால் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். கிராணிக்கு ஐம்பத்தைந்து வயது. அங்கே ஒரு மழைக்காலம் தாங்கமாட்டார்.

யார் இப்படி எழுதச் சொன்னது என்று அதிகாரி கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

கிராணி என்னைப் பார்த்தார். "கவுன்டர்ல கேட்டேன். பழைய வருஷம் போடச் சொன்னாங்க. மூணு தடவ கேட்டேன்."

நான் அதிகாரி பக்கம் திரும்பி ஜப்பானிய மொழியில் சொன்னது இது: தனக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறித் தானே தவறாக எழுதிவிட்டதாகச் சொல்கிறார்.

கன்னத்தில் அறை விழுந்தது. கிராணியின் கண்ணாடி நாற்காலிக்கு அடியில் போனது. அவர் குனிந்து தடவி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் நேராக நின்றார். மூன்றாம் நாள் காலைக்குள் அறுபத்து மூன்று பாரத்தையும் திருத்தி எழுதிக் கொடுத்தால் அட்டை கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை என்றார் அதிகாரி. அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன்.

முதல் நாள் நான் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. இரண்டாம் நாள் அலுவலகம் மூடியதும், சூரியன் கணக்கில் மத்தியானம் இரண்டரைக்கு, வெற்றுப் பாரங்களை எடுத்துக்கொண்டு காஜா பெராங்குக்கு நடந்தேன். கிராணி இருபத்தாறாவது பாரத்தில் இருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. எதிரே சிங்காரம் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தார்.

"அறுநூத்தி எழுபத்தி நாலுன்னே இருக்கட்டுமே கிராணி. போர்டுல எழுதி வச்சுக்குவேன்."

"வரி கட்டுவியா?"

"வரிக்குப் பதினாலு வருஷம். போர்டுக்கு மட்டும்."

கிராணி என்னைப் பார்த்தார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "அறுநூத்தி அறுபது கூட்டணும் தம்பி. நீங்க கூட்டிச் சொல்லுங்க, நான் எழுதுறேன்." நான் கூட்டினேன். 1929க்கு 2589. 1934க்கு 2594. அவர் எழுதினார். சிங்காரம் எழுந்து போனார். ஐம்பதாவது பாரத்தில் என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"கிராணி, அன்னிக்கு அதிகாரிகிட்ட நான்..."

"தெரியும் தம்பி." பேனா நிற்கவில்லை. "நிப்போங்கோ வகுப்புக்கு நானும்தான் மூணு மாசம் போனேன். பின் பெஞ்சு. பேச வராது, காதுல விழுந்தா புரியும்."

"அப்ப ஏங்க சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? உங்ககிட்டதான் தமிழ்ல சொல்லணும். நீங்கதான் அவருக்குச் சொல்லணும்."

அடுத்த பாரத்தை எடுத்து எடைக்கல்லுக்குக் கீழே வைத்துக்கொண்டே சொன்னார். "இன்னொண்ணு. உங்களச் சயாமுக்கு அனுப்பிட்டு அந்தச் சன்னல்ல புதுசா ஒருத்தன உக்கார வச்சா, அவனுக்கு முதல்லேருந்து எல்லாம் பழக்கணும். சீசன் நடுவுல. எனக்குத் தெம்பு இல்ல தம்பி. அடுத்தது யாரு, மசாலைக் கடையா? வருஷத்தச் சொல்லுங்க."

நான் வருஷத்தைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. சொல்லாமல், கட்டைவிரலில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்றும் அன்றே முடிந்தது. மறுநாள் காலையில் அவர் கொண்டுவந்து கொடுத்தார், நான் முத்திரை குத்தினேன், அட்டை அவர் கைக்குப் போனது. அதிகாரிக்கு நான் செய்த பொய் மொழிபெயர்ப்பு கடைசிவரை தெரியாது. சண்டை முடிந்து அவர்கள் போன பிறகும் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கேட்கவேண்டியவர் இறந்து வெகுகாலம் ஆகிறது.

அதற்குப் பிறகு கிராணி சன்னலுக்கு வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்றுகொள்வேன். அவருடைய பாரத்தைப் படித்து, முத்திரை குத்தி, அவர் திரும்பி நடக்கும்வரை உட்காரமாட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் ஏன் என்று கேட்டார். முதுகுவலி என்று சொல்லிவைத்தேன். அந்தச் செய்தி எப்படியோ காஜா பெராங்குக்குப் போயிருக்கிறது. மருந்து என்று ஒரு பொட்டலம்கூடக் கிடைக்காத அந்த நாளில், கிராணி ஒரு சிறிய புட்டியைச் சன்னல் வழியாக உள்ளே தள்ளினார்.

"ஜாதிக்காய்த் தைலம் தம்பி. பாய் கடையில பாரத்துக்குக் கூலியா குடுத்தாரு. ராவைக்குத் தேச்சுப் படுங்க."

நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வலியே இல்லாத முதுகில், புட்டி தீரும்வரை ஒவ்வொரு நாளும் தேய்த்துக்கொண்டேன்.