நரி முதுகுக்கு வந்த டி.என்.ஏ. ரிப்போர்ட்

கிட்ட நெருங்கி உட்காருங்க. கதையில வர்ற சொறி கேட்கிறவங்களுக்கு ஒட்டாது.

ஒரு காட்டில் சித்தாண்டி என்று ஒரு நரி இருந்தது. அதுக்கு முதுகெல்லாம் சொறி. வேலமரத்தில் உரசி உரசி மரத்துக்குப் பட்டை போச்சு, நரிக்கு அரிப்பு போகலை. "இப்படியே உள்ள வந்தீர்னா குட்டிகளுக்கும் ஒட்டும். குணமாகிட்டு வாரும்" என்று பெண்சாதி நரி வளைவாசலை மறித்துப் படுத்துக்கொண்டது.

நரி காட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அங்கே மருந்து கொடுப்பது கரடி.

"களிம்பு இருக்கு. என்ன பூச்சின்னு லேப் ரிப்போர்ட் கொண்டா."

"முதுகைப் பாருங்களேன் அண்ணாச்சி, ஒத்தை முடி இல்ல."

"முதுகை ஃபைல்ல கோக்க முடியாதுப்பா."

லேபில் இருந்தது ஆந்தை. நரியின் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தது. நேரமோ பட்டப்பகல். ஆந்தைக்கு மைக்ராஸ்கோப்பே மங்கலாகத்தான் தெரிஞ்சது. "பூச்சி இல்லை" என்றது.

"அப்ப என்னைக் கடிக்கிறது யாரு, உங்க தாத்தாவா?"

ஆந்தை கோபப்படலை. "டி.என்.ஏ. பார்த்திருவோம். பூச்சியோட கால் துணுக்கு ஒண்ணு கிடைச்சாப் போதும். அதுல இருக்கிறதை மிஷின் கோடி தடவை நகல் எடுத்துக் காட்டிரும்."

"இருக்கிறதே தாங்கலை. அதைக் கோடியாக்கப் போறீரா?" நரி வாலைச் சுருட்டிக்கொண்டது.

நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. 'கண்டறியப்பட்டது: சொறிப்பூச்சி. இடம்: சித்தாண்டி நரி, முதுகு.' நரி அதைக் கவ்விக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்தது. கரடி களிம்பு டப்பாவைத் திறந்தது.

"சார், ஒரு நிமிஷம்."

குரல் முதுகிலிருந்து வந்தது. வெள்ளத்தாயி என்கிற சொறிப்பூச்சி, தோலில் தோண்டின பொந்துக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"அந்தக் காகிதத்துல யார் பேர் இருக்கு?"

"உன் பேர்தான்" என்றது கரடி.

"எந்த இடம்னு போட்டிருக்கு?"

"நரி முதுகு."

"முத்திரை?"

"இருக்கு."

"அப்ப அது என் இருப்பிடச் சான்று சார். குடியிருக்கிற வீட்டுல நோட்டீஸ் கொடுக்காம களிம்பு பூசலாமா?"

கரடி யோசித்தது. பழக்கம் இல்லாத வேலை, சீக்கிரமே முடிஞ்சுபோச்சு. டப்பாவை மூடியது.

"முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துட்டு வாப்பா."

"அது என் முதுகு அண்ணாச்சி."

"உன் முதுகுன்னு காகிதம் இருக்கா?"

நரியிடம் இல்லை.

முப்பது நாளில் வெள்ளத்தாயி பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்தாச்சு. ஒவ்வொண்ணுக்கும் தனி நோட்டீஸ் வேணுமென்றது கரடி. வளைக்குள்ளே குட்டிகள் அப்பனைக் கேட்டு அழ, வெளியே நின்ற நரி அரிப்புத் தாங்காமல் சொறியப் பின்னங்காலைத் தூக்கியது.

வெள்ளத்தாயி ஒரு காகிதத்தை நீட்டியது. 'வீட்டுக்காரர் சொறிந்து சொறிந்து வீட்டை இடிக்கிறார்' என்று மனுப்போட்டு வாங்கின தடை உத்தரவு.

நீதி: அரித்தால் சொறிந்துகொள். என்ன அரிக்கிறது என்று மட்டும் எழுதி வாங்காதே.