சக்ரபாணியைத் தூக்கியவன்

வீரராகவனுக்குக் கை மேலே போகவில்லை. தோள் மட்டத்துக்கு வந்ததும் இரண்டு கையும் நின்றுவிட்டன. நெற்றியில் திருமண் இட்டுக்கொள்ள வேண்டும். பத்து மணிக்குத் திருச்சியில் வக்கீல் ஆபீஸில் இருக்க வேண்டும்.

"கை வராட்டா தலையைக் கொண்டு வாயேண்டா" என்றாள் அம்மா வைதேஹி.

பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மார்புக்கு நேரே வைத்து, நெற்றியைக் கீழே கொண்டுவந்து இட்டான். அப்படி இட்டதில் மூக்கின் மேல் வர வேண்டிய பாதம் விட்டுப்போயிற்று. இருபத்துநாலு வருஷமாகத் தென்கலையாகவே வளர்ந்தவன், கீழச் சித்திரை வீதியில் இறங்கும்போது வடகலையாக இருந்தான்.

"என்ன ஓய், ராத்திரியோட ராத்திரியா கட்சி மாறிட்டீர்?" என்றார் பக்கத்து வீட்டு யதிராஜன். பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் நடப்பதை முதலில் பார்ப்பவரும் அவர்தான், அதை வேறு மாதிரி ஊருக்குச் சொல்பவரும் அவர்தான்.

"உம்ம வேலையைப் பாரும்!" என்று வீரராகவன் கத்தினான். கத்தியதில் தோள்பட்டையும் சேர்ந்து வலித்தது.

அவன் கத்தியதில் தப்பே இல்லை. மூன்று நாளாக அவன் வயிறு எரிந்துகொண்டிருந்தது. மேல உத்தரவீதியில் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். பெண் பெயர் வைஜயந்தி, பதினெட்டு வயது. பாடும்போது ஓரிடத்தில் சுருதி பிசகிவிட, குனிந்துகொள்ளாமல் தானே சிரித்துவிட்டாள். கல்யாணம் என்றால் இவளோடுதான் என்று பஜ்ஜி ஆறுவதற்குள் வீரராகவன் முடிவு செய்துவிட்டான்.

முடிவு செய்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஆர்மோனியத்தை நான் எடுத்து வைக்கிறேன் என்று பாய்ந்தான். அது அவன் கையிலிருந்து நழுவி, பெண்ணின் மாமா சக்ரபாணியின் காலில் விழுந்து அலறியது. மாமாவும் அலறினார். அப்பா இல்லாத பெண்ணுக்கு அந்த மாமாதான் எல்லாம்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும்போது உள்ளே மாமா சொன்னது அவன் காதில் விழுந்தது.

"பையன் நல்ல பையன்தான். ஆனா பலம் இல்லையே! போகட்டும், பலம் வரட்டும், அப்புறம் பாப்போம்."

பலம் இல்லையாம்! ஒரு பி.ஏ. படித்தவனைப் பார்த்து! சம்பளத்தைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஒரு ஆர்மோனியம் நழுவியதற்காகவா இந்தப் பேச்சு? அவருக்கு வேண்டியது மாப்பிள்ளையா, வண்டி மாடா?

அன்று சாயங்காலம் அம்மா சமாதானம் சொன்னாள். "பலம் இல்லைன்னுட்டா. அதுக்கு என்ன பண்றது? வர வேளையில தானா வரும்."

"தானா வராதும்மா! நான் வரவழைக்கிறேன் பார்!"

பிள்ளைக்கு இவ்வளவு சிரத்தையா என்று அம்மா பூரித்துப்போனாள்.

மறுநாளே பாலக்கரையில் அமிர்தராஜின் தேகாப்பியாச சாலையில் சேர்ந்தான். ஓலைக் கொட்டகை, நாலைந்து இரும்புக் குண்டு, உடைந்த கண்ணாடி ஒன்று. அமிர்தராஜுக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது.

"இங்க குண்டு தூக்கணும்னு எவனும் வரலை தம்பி. எல்லாம் கோவம்தான். அந்தா நிக்கிறானே, அவனை அண்ணன்காரன் அடிச்சுட்டான். இவனை நாடகக் கொட்டகையில எவனோ 'எந்திரிடா'ன்னுட்டான். உங்களுக்கு யார் மேல?"

"சக்ரபாணி."

"அந்தப் பேரைச் சொல்லித் தூக்குங்க. கோவம் இருக்கிற மட்டும் கை ஏறும்."

"சக்ரபாணீ!" என்று கத்தினான். நாற்பது ராத்தல் மேலே போயிற்று. முப்பது தடவை கத்தினான், முப்பது தடவையும் போயிற்று. அதற்குப் பிறகுதான் கை போகவில்லை.

யதிராஜன் கேலி செய்த அன்றே வீரராகவன் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டான். தினமும் பாலக்கரை வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் போதும். மற்ற நாளில் ஆபீஸ் விட்டு வந்து தன் வீட்டுக் கொல்லையிலேயே அம்மிக்கல்லைத் தூக்கினால் யார் என்ன கேட்க முடியும்?

"சக்ரபாணீ! சக்ரபாணீ!"

நாலாம் நாள் மதிலுக்கு மேலே யதிராஜனின் தலை தெரிந்தது. கண்ணில் ஜலம்.

"வைதேஹி, உம் பிள்ளையை என்னமோன்னு நெனச்சேன். பகவானோட திருநாமத்தை இப்படி அடிவயித்துலேந்து கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை!"

அடுத்த வாரம் ஐந்து பேர் ஜால்ராவோடு கொல்லைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவன் அம்மியோடு ஒரு தடவை கத்தினால் அவர்கள் பின்பாட்டாக இரண்டு தடவை கத்தினார்கள். தனக்குப் பிடிக்காத ஒருவன் பெயரை ஐந்து பேர் ராகம் போட்டுப் பாடுவதை எவன் பொறுப்பான்?

"போங்கோ எல்லாரும்! எனக்கு யாரும் வேண்டாம்! ஒருத்தரும் வேண்டாம்!"

"பாத்தேளா, பற்றெல்லாம் விட்டுப்போச்சு" என்று யதிராஜன் மெல்லச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீரராகவன் பாலக்கரைக்கு ஓடினான். அமிர்தராஜ் யோசித்தார்.

"பேருதானே தொந்தரவு? மாமனை விடுங்க. பொண்ணு பேரைச் சொல்லித் தூக்குங்க. பொம்பளைப் பேரைச் சொன்னா எவன் ஜால்ரா தட்டுவான்?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் கொல்லையில் அம்மியைத் தலைக்கு மேலே தூக்கி, "வைஜயந்தீ!" என்றான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டது. யதிராஜன் தரையில் விழுந்து சேவித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, பெருமாள் திருமார்புல இருக்கிற வைஜயந்தி மாலையே இவன் கண்ணுக்குத் தெரியறதே!"

அதன் பிறகு அவன் வாயைத் திறக்காமல் தூக்கினான். மௌனவிரதம் என்று தெரு சொல்லிற்று. ஆபீஸில் கோட்டு முதுகில் கிழிந்தது. இனி அது எதற்கென்று துறந்துவிட்டான் என்று தெரு சொல்லிற்று. வாசலில் பழத்தட்டோடு வந்து நின்ற இரண்டு பேரைத் துரத்தினான். ஆசியே கோபமாகத்தான் வரும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆத்திரம் ஏற ஏற அவன் புஜமும் ஏறியது. இப்படி ஒரு தெருவில் குடியிருந்தால் எலும்புக்கும் சதை பிடிக்கும்.

ஐப்பசியில் ஒருநாள் அம்மா தயங்கித் தயங்கி வந்தாள்.

"டேய், மேல உத்தரவீதியிலேந்து சொல்லி அனுப்பிச்சிருக்கா..."

"அந்தாத்துப் பேச்சை எடுத்தா நான் ஊரை விட்டே போயிடுவேன்!"

"அதுக்கில்லைடா, பலம்..."

"பலம் பலம்னு என் பிராணனை வாங்காதே! என்னிக்கு வந்துடுத்துன்னு எனக்குத் தெரியும். நானா அங்கே போய்ச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் அந்தாத்து மனுஷா வந்தா நீ வாயைத் திறக்கப்படாது!"

அம்மா அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நூற்றைம்பது ராத்தல் முதல் தடவையாக அவன் தலைக்கு மேலே போய் ஆடாமல் நின்றது. அமிர்தராஜ் முதுகில் தட்டினார். "இனிமே எந்த மாமனும் பேச முடியாது. போயிட்டு வாங்க தம்பி."

சட்டை எதற்கு? கை தெரியட்டும் என்று அரைக்கை பனியனோடு நேராக மேல உத்தரவீதிக்குப் போனான். வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. உள்ளே ஒரே அமளி. சக்ரபாணி வியர்த்து விறுவிறுத்து வந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்துட்டியா? எத்தனை நாழி காத்துண்டிருக்கிறது! அந்த அண்டாவை எடு!"

வா என்று ஒரு வார்த்தை இல்லை, உட்கார் என்று ஒரு வார்த்தை இல்லை. எடுத்த எடுப்பில் பரீட்சை! வீரராகவனின் காது சிவந்தது. சரி, வைக்கட்டும். எத்தனை வைப்பார் என்று பார்த்துவிடலாம்.

அண்டாவை எடுத்தான். அதன் பின்னால் இரும்புப் பெட்டி. அரிசி மூட்டை இரண்டை இரண்டு தோளிலும் ஒரே நடையில் கொண்டுபோய் வண்டியில் போட்டான். வைஜயந்தி எங்கேயாவது கதவிடுக்கில் நின்று பார்க்கிறாளா என்று நடுநடுவே பார்த்துக்கொண்டான். கடைசியில் நாலு பேர் நகர்த்த முடியாமல் விட்டிருந்த தேக்குக் கட்டில் இருந்தது. அதை ஒற்றை ஆளாகத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சக்ரபாணியின் முன்னால் போய் நின்றான்.

"இப்போ சொல்லுங்கோ! பலம் இருக்கா, இல்லையா?"

சக்ரபாணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடடே, வீரராகவனா! கூலிக்கு வந்தவன்னு நெனச்சுட்டேனே! மன்னிக்கணும். நீர் சன்யாசம் வாங்கிக்கப்போறீர், பெண் பேச்சே எடுக்கப்படாதுங்கறீர்னு யதிராஜன் வந்து சொன்னாரே! அப்படிப்பட்டவர் எங்க வைஜயந்தி கல்யாணத்துக்குச் சீர் சாமானைத் தூக்கி வைக்க வந்திருக்கீரே, என்ன பெரிய மனசு!"

"கல்யாணமா?" கட்டில் தலைக்கு மேலே ஆடியது. "யாரோட?"

"கும்பகோணத்துப் பையன். நாளைக்கு விடியல்ல முகூர்த்தம்."

"என்ன அநியாயம் இது! பலம் இல்லைன்னு சொன்னது யாரு? நீங்கதானே? அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஒன்பது மாசம் அம்மியோட மாரடிச்சேன்! என் காதாலே கேட்டேனே, பலம் வரட்டும்னு சொல்லலை நீங்க?"

குத்துவிளக்கை வண்டியில் வைக்க வந்த வேலைக்காரி மயிலம்மாள் குறுக்கே வந்தாள்.

"அட சாமி, அன்னிக்கு ஐயா இல்லைன்னு சொன்னது உங்க சாதகத்துல குரு பலங்க! அது ஐப்பசியிலேயே வந்துடுச்சு, எங்க பாப்பா தை முடியிற மட்டும் உங்களுக்காக வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."