கட்டிலை நகர்த்திய குற்றம்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெரியவனா, நெருப்புக்குக் காப்பீடு கண்டுபிடித்தவன் பெரியவனா என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் இரண்டாமவன் பக்கம் கை தூக்கலாம். நெருப்பு எப்போதாவதுதான் சுடும். காப்பீடு ஆண்டுக்கொரு முறை தவறாமல் சுடும். தவறாமைதானே நாகரிகத்தின் அடையாளம்?

இந்த உண்மையை முழுமனதாக ஏற்று வாழ்ந்தவர் பத்திரம். பெற்றோர் வைத்த பெயர் வேறு. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவது அவர் வேலை. சோதனை முடிந்து கிளம்பும்போது வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை எல்லோரிடமும் "பத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் பன்னிரண்டு ஆண்டுகளாக அலமாரியில் பூட்டி வைத்திருந்ததால், பெயரும் பொருளும் ஒரே கூரையின் கீழ் குடியிருந்தன என்று சொல்லலாம்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் ஒரு காசு இழப்பீடு கேட்டதில்லை. இந்த நன்றியை நிறுவனம் மறக்கவில்லை. பதின்மூன்றாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கடிதத்தில் அவரை 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று அழைத்து, பிரீமியத்தை நாற்பது சதவீதம் உயர்த்தியிருந்தது. உரிமை உள்ள இடத்தில்தானே கை நீட்ட முடியும்?

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிந்ததும் போய் நாற்பது பேருக்கு ஊசி குத்திவிட்டு மதியம் வீடு திரும்புகிறவர். கடிதத்தைக் கணவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நாங்க ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி, 'லேசா சுருக்குன்னு இருக்கும்'னு ஒரு வார்த்தை சொல்லுவோம். இவங்க அதைக்கூடச் சொல்லலையே."

பத்திரம் நிறுவனத்துக்குப் போன் போட்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று முப்பத்தைந்து நிமிடம் நிறுவனம் அவருக்கு உறுதியளித்தது. முக்கியமானவர்களைத்தானே யாரும் காக்க வைப்பார்கள்? பிறகு ஒரு பெண் குரல் வந்தது. தேன் ஒழுகியது.

"சார், உங்க ஏரியாவுல ரிஸ்க் கூடியிருக்கு."

"என்ன ரிஸ்க்மா?"

"எல்லா ஏரியாவுலயும் கூடியிருக்கு சார். உங்களுது அதுல ஒண்ணு."

"பன்னெண்டு வருஷமா நான் ஒண்ணுமே கேட்டதில்லையே."

"அதான் சார் பிரச்சினையே. பன்னெண்டு வருஷமா ஒண்ணும் நடக்கலைன்னா, இனிமே நடக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

"சரி, போன வருஷமே ஏதாவது நடந்திருந்தா?"

"அப்ப அறுபது சதவீதம் சார்."

பத்திரம் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். தர்க்கத்தில் எங்கோ ஒரு போல்ட் கழன்றிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. எந்த போல்ட் என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலையே மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. சலுகை இல்லாமல் எதையும் வாங்காதவன், சலுகை என்றால் எதையும் விடாதவன். அவன் வீட்டில் மூன்று தையல் மெஷின் உண்டு. தைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"மாமா, இந்தக் காலத்துல விசுவாசமா இருக்கறவனுக்கு வாலாட்டற உரிமை மட்டும்தான். நாலு கடை ஏறி இறங்கணும். ஏறி இறங்கக்கூட வேணாம், உக்காந்த இடத்துலயே ஒப்பிட்டுப் பாக்கலாம்," என்று ஒரு இணையதளத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனான்.

அந்த இணையதளத்தின் அக்கறையை என்னவென்று புகழ்வது! பெற்ற தாய்கூட ஒருவரிடம் இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டாள். வீட்டுக்கு வயது என்ன? வீட்டுக்கு ஏற்கெனவே ஏதாவது குறை உண்டா? இதற்குமுன் வேறு யாராவது இந்த வீட்டை நிராகரித்ததுண்டா? பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பது போலவே இருந்தது. பத்து வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்.

"அப்பா, 'கடலிலிருந்து எவ்வளவு தூரம்'னு கேக்குது. நாம போகவா, கடல் வரவா?"

"ரெண்டும் ஒரே தூரம்தான் பாப்பா."

"இல்லப்பா, நாம போனா பஸ் மாறணும்."

கடைசிக் கேள்விக்குப் பதில் போட்டதும் திரையில் ஒரு சக்கரம் சுழன்றது. 'உங்களுக்காக நாற்பத்தேழு திட்டங்களை ஒப்பிடுகிறோம்.' சக்கரம் நிற்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஐந்து நாள் அது ஓயவில்லை. லிஃப்ட் கூண்டுக்கு மேல் குந்திக்கொண்டு கயிற்றைச் சோதிக்கும்போதும் அடித்தது.

"சார், இப்ப உங்க வீடு தீப்பிடிச்சா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல இந்தப் போனை வெப்பேன்."

பத்திரம் சளைக்கவில்லை. ஒரு நீண்ட நோட்டில் கட்டம் போட்டு, திட்டங்களின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். ஒரு திட்டத்தில் வெள்ளம் அடங்கும், தண்ணீர் அடங்காது. இன்னொன்றில் திருட்டுக்கு இழப்பீடு உண்டு, ஆனால் திருடன் கதவை உடைத்து வந்திருக்க வேண்டும்; திறந்த கதவு வழியாக வந்தவன் 'விருந்தினர்' எனக் கருதப்படுவான். மூன்றாவது, நிலநடுக்கத்தை ஏற்றுக்கொண்டது, 'நிலம் நகராதிருக்கும் பட்சத்தில்'. கடைசியில் பழைய பிரீமியத்தைவிடவும் குறைந்த விலையில் ஒரு நிறுவனம் சிக்கியது. அதன் விளம்பரத்தில் ஒரு குடும்பமே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பொடி எழுத்தைப் படிக்காத குடும்பமாக இருக்கும்.

பணம் கட்டிய பிறகுதான் ஒரு சின்ன விஷயம் தெரிந்தது. பழைய காப்பீடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. புதியது திங்கள் காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது.

"இடையில?" என்று புதிய நிறுவனத்தைக் கேட்டார்.

"இடையில சனி, ஞாயிறு சார். ஆபீஸ் லீவு."

"தீக்கும் லீவாம்மா?"

"அதை நீங்கதான் சார் பாத்துக்கணும்."

அதை அவர் வேத வாக்காக எடுத்துக்கொண்டார். வெள்ளி மாலை ஐந்தடித்ததும் வீட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. இஸ்திரிப் பெட்டி கூடாது. ஹாலின் நடுவில் இரண்டு வாளித் தண்ணீர்.

"வாழைப்பழம் சாப்பிடலாமா," என்றார் மனைவி, "இல்ல தோல் வழுக்கிடுமா?"

"தோலை எங்கிட்ட குடுத்துரு."

பிறகு அவர் டார்ச்சும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற முகத்தோடு தன் வீட்டையே சோதிக்கக் கிளம்பினார். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் தட்டிப் பார்த்தவர், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொந்த வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம்? அதற்குத்தான் ஆள் வைத்துப் பணம் கட்டியிருந்தாரே. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பிளக் உருகிக் கறுத்திருந்தது. கேஸ் டியூபில் விரிசல். தன் வீடு இத்தனை நாள் விழாமல் இருந்ததே அவருக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றினார், மாற்றினார்.

பின்கட்டில் மகளின் அறைக்கு வந்தார். கட்டிலுக்கு நேர் மேலே ஓதம் பிடித்து ஒரு பெரிய வட்டம். துடைப்பக் கட்டையால் தட்டினார். உள்ளே பொள்ளலாக இருப்பதுபோல் சத்தம் கேட்டது. நாற்காலி மேல் ஏறி, ஓதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, 'வெள்ளி, மாலை 5.40' என்று எழுதி, கைப்பழக்கத்தில் கையெழுத்தும் போட்டார். பிறகு மகளின் கட்டிலை ஒரு முனையில் பிடித்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் மறுமுனையைப் பிடித்தார். கட்டில் ஹாலுக்கு வந்தது. அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கொத்தனாருக்குப் போன் போட்டதில் "செவ்வாக்கிழமை வந்துடறேன் சார், அதுவரைக்கும் யாரையும் கீழ நிக்க விடாதீங்க" என்றார். புதிய நிறுவனத்துக்கும் போட்டார். விற்பனைப் பிரிவு மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருந்தது.

"சீலிங்ல ஒரு குறை இருக்கும்மா. உங்ககிட்ட சொல்லிடறதுதான் நியாயம்னு..."

"சார், திங்கக்கிழமை பத்து மணி வரைக்கும் நீங்க எங்க கஸ்டமரே இல்ல. கஸ்டமர் இல்லாதவங்க சொல்றதைப் பதிஞ்சுக்க எங்ககிட்ட வசதி இல்ல சார்."

இரண்டு நாளும் வீடு கண்ணாடிப் பாத்திரம் போல நடத்தப்பட்டது. ஞாயிறு சாயங்காலம் மனைவி ஒரு வார்த்தை சொன்னார்: "காப்பீடு இல்லாத இந்த ரெண்டு நாள்தாங்க நம்ம வீட்ல ஒரு ஆள் இருக்கற மாதிரி இருந்துச்சு." பத்திரம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் வாளித் தண்ணீரை மாற்றப் போனார்.

திங்கள் காலை பத்து மணிக்குப் போன் 'டிங்' என்றது. 'இந்த நொடி முதல் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.' பத்திரம் நிம்மதியாக வேலைக்குப் போனார்.

மூன்று மணிக்கு மனைவியிடமிருந்து அழைப்பு.

"பாப்பா நல்லா இருக்கா. முதல்ல இதைக் கேட்டுக்கங்க. பாப்பா நல்லா இருக்கா."

"என்னாச்சு?"

"சீலிங் விழுந்துருச்சு. ஸ்கூல் விட்டு வந்து கட்டில்ல படுத்துப் படிச்சுக்கிட்டு இருந்தா. ஹால்ல. உள்ள தடால்னு ஒரு சத்தம்... நீங்க வாங்க."

அவர் வந்து அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே இன்னும் தூசி அடங்கவில்லை. கம்பிகள் விலா எலும்பு போலத் தெரிந்தன. மேசை முறிந்து, புத்தக அலமாரி சப்பையாகி, கட்டில் இருந்த இடத்தில் இடுப்பளவு காரை குவிந்து கிடந்தது. பத்திரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஹாலுக்குப் போய், மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். மடிக்குப் பத்து வயது கொஞ்சம் பெரிய உடம்புதான். "விடுங்கப்பா" என்றாள். விடவில்லை.

மூன்றாம் நாள் புதிய நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்தார். இப்படி ஒரு கடமை வீரரைக் காண்பது அரிது. காலணிக்கு உறை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். காரைக் குவியலை இடுக்கியால் கிளறி, ஒரு துண்டை ஒளியில் தூக்கிப் பிடித்தார். அதில் பாதி வட்டமும் முழுக் கையெழுத்தும் இருந்தன.

"இது நீங்க போட்டதா சார்?"

"ஆமா. வெள்ளிக்கிழமை."

"பாலிசி ஆரம்பிச்சது?"

"திங்கக்கிழமை."

"அப்ப இது 'முன்பே அறிந்த குறை' சார். முன்பே அறிந்த குறைக்கு இழப்பீடு கிடையாது."

"நான் அன்னிக்கே உங்க கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொன்னேனே!"

"அப்ப நீங்க கஸ்டமர் இல்லையே சார். நீங்க சொன்னது கணக்குல வராது. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது மட்டும் கணக்குல வரும்." ஹாலில் கிடந்த கட்டில் பக்கம் பேனாவை நீட்டினார். "அது எங்க இருந்தது?"

"அங்கதான். நேர் கீழ."

"நகர்த்தியிருக்கீங்க." அவர் குரலில் வருத்தம் இருந்தது, உண்மையான வருத்தம். "அதுதான் சார் ரொம்பப் பலமான ஆதாரம். கையெழுத்தைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்."

பத்திரம் மெதுவாகக் கேட்டார்: "நகர்த்தாம விட்டிருந்தா?"

"ஒரு கேள்வியும் கேக்காம முழுத் தொகையும் வந்திருக்கும் சார்."

உள்ளே எங்கோ கொஞ்சம் மணல் உதிர்ந்தது. அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது; காரை விழுகிற வீட்டில் வாயைத் திறந்தால் வாய்க்குள் சுண்ணாம்புதான் போகும்.

மதிப்பீட்டாளர் ஒரு படிவத்தை எடுத்து ஹால் மேசையில் வைத்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் படிவம் முழுமையாக இருக்க வேண்டும். நிறுவனம் அந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. 'சேதத்திலிருந்து தப்பிய பொருள்கள்' என்று ஒரு பட்டியல். பெயர், எண்ணிக்கை, மதிப்பு என மூன்று கட்டம்.

பத்திரம் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். மனைவி பேனாவை வாங்கினார். நாளுக்கு நாற்பது நரம்பு தேடுகிற கை, தயங்கவில்லை. பெயர் என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினார். எண்ணிக்கையில் 'ஒன்று'. மூன்றாவது கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, படிவத்தை மதிப்பீட்டாளர் பக்கம் தள்ளினார்.

"மேடம், மதிப்பைப் போடலையே."

"நீங்கதானே மதிப்பீட்டாளர்? போடுங்க."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பான். அவர் தடுமாறவில்லை. பையிலிருந்து நிறுவனத்தின் விலைப் பட்டியலை எடுத்து, அகர வரிசையில் விரலை ஓட்டி, இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு காலியாக இருந்த கட்டத்தில் சீரான எழுத்தில் 'ஏதுமில்லை' என்று எழுதி, அதன் மேல் முத்திரையை அழுத்தமாகக் குத்தினார்.