சத்தம் வரவேண்டாம் சித்தி

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்கும் கூடாது, அவர் ரொம்ப நல்லவர், ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது. படித்ததும் கிழித்துவிடுங்கள். நீங்களும் அவரும் குட்டித் தம்பியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். தாளின் பின்பக்கத்தில் ‘டிவியும் ஸ்பீக்கரும் இயக்கும் முறை’ என்று அச்சடித்திருக்கும். அதைச் சுவரிலிருந்து கழற்றியதும் நான்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் தையல் அறையை எங்களுக்காகக் காலி செய்யாதீர்கள். லீவு முடிந்ததும் அம்மாவும் நானும் உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவது, எனக்கு அங்கேயே பள்ளிக்கூடம் பார்ப்பது, அப்பாவிடம் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா உங்களிடம் போனில் பேசியதைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டேன். அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை சித்தி, சண்டையே இல்லை. அப்பா நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்துவிட்டு வந்து டிவியை அலறவிடுவார். அம்மா நாளெல்லாம் கம்பெனி போனில் யார் யாருடைய புகாரையோ கேட்டுவிட்டு வந்து காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள். ‘அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு’, ‘அஞ்சு நிமிஷம்னு சொல்லு’ என்று நடுவில் நான்தான் தபால்காரி.

வாடகைக்கு எடுத்த இந்த விடுமுறை வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. டிவி சுவர் அகலத்துக்கு இருக்கிறது. கீழே நீளமாக ஒரு ஸ்பீக்கர், மூலையில் ஸ்டூல் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, மூன்று ரிமோட். அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்துதான் அப்பா ஷூ கழற்றினார். நான் டிவியைப் போட்டதும் பெட்டி அதிர்ந்த அதிர்ச்சியில் ஒற்றைக் காலில் எழுந்து நின்றுவிட்டார். ‘வயர்களைத் தொடாதீர்கள்’ என்று வீட்டுக்காரர் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். நான் தொட்டேன். அம்மாவின் போனுக்குச் சார்ஜ் போட டிவிக்குப் பின்னால் கையை விட்டேன், ஒல்லியாக ஒரு வயர் கையோடு வந்துவிட்டது, அதன் நுனியில் சிவப்பாக வெளிச்சம் வேறு! வெடித்துவிடுமோ என்று பயந்து மறுமுனையையும் பிடுங்கி என் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டேன். அன்று ராத்திரி படம் ஓடுகிறது, சத்தம் இல்லை.

அப்பா மூன்று ரிமோட்டையும் மாற்றி மாற்றி அமுக்கினார். ஒன்றுக்கு ஏ.சி. நின்றது. இன்னொன்றுக்கு ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வேறு பாஷையில் ஏதோ சொன்னது. “பரவால்லையே, நீங்க கேட்டா பதில் சொல்ல இந்த வீட்ல ஒருத்தி இருக்கா” என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. “அவ சொல்றதும் புரியலியே” என்றார் அப்பா. நான் நிமிர்ந்து பார்த்தேன். தபால்காரி இல்லாமலே பேசிக்கொள்கிறார்கள்! பிறகு அப்பா டிவிக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், “இது நம்மால ஆகாது, ஆளு வந்துதான் பாக்கணும்” என்று உட்கார்ந்துவிட்டார். பத்து மாடி லிஃப்டின் வயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அப்பாவுக்கு இந்த ஒரு வயர் காணாமல் போனது தெரியவில்லை. என் நல்ல காலம்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். திரையில் கதாநாயகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாயசைக்கிறாள். அப்பா திடீரென்று கீச்சுக் குரலில், “ஏங்க, கேஸ் தீந்து போச்சுன்னு காலைலயே சொன்னேனே, காதுல விழுந்துதா?” என்றார். கதாநாயகன் முகத்தைத் திருப்பினான். அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து, கட்டைக் குரலில், “நான் லிஃப்டுக்குள்ள தொங்கிட்டிருக்கேன், அப்புறம் பேசு” என்றாள். அப்பா சிரித்து சோபாவிலிருந்து சரிந்தார். அம்மா கரண்டியைக்கூட வைக்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வில்லனுக்கு யார் பேசுவது என்று ஒரே தகராறு. கடைசியில் வில்லன் நான்தான். குதிரையும் நான்தான்.

மறுநாள் அந்த வயரை எங்கே செருகுவது என்று இந்தத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். செருகவில்லை. வேறு யாரும் பார்த்துச் செருகிவிடக் கூடாது என்று தாளையும் ஒளித்துவிட்டேன்.

இன்றைக்குத்தான் விளையாட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது. படத்தில் அந்தப் பெண் பெட்டியில் துணி அடுக்குகிறாள். கீச்சுக் குரல் வரவில்லை. அப்பா செருமிக்கொண்டு, சொந்தக் குரலில், “நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன்” என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது? சத்தியமாக நான் சொல்லவில்லை சித்தி! திரையில் கதாநாயகனின் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது, அவனுக்குப் பேச ஆளில்லை. வில்லனுக்கும் அங்கே வேலையில்லை. கடைசியில் அம்மா, கட்டைக் குரல் சரியாக வராமல், “போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. டீ போட்டுத் தரட்டுமா?” என்றாள். அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். நிஜமாகவே! “சக்கரை எவ்வளவு?” என்று உள்ளிருந்து கேட்டார். “இத்தனை வருஷமாத் தெரியாதா?” என்று அம்மா கத்தினாள். கத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் காலையில் ஆள் அனுப்புவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். வந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். சத்தம் வந்துவிடும், அம்மா இயர்போனை மாட்டிவிடுவாள், நாங்கள் உங்கள் தையல் அறைக்கு வந்துவிடுவோம். உங்கள் வீடு எனக்குப் பிடிக்கும், ஆனால் லீவுக்குத்தான் பிடிக்கும். அதனால் அம்மா போன் செய்தால் அறையில் கரையான் என்று சொல்லுங்கள். நான் விடிவதற்குள் வயரைத் தோட்டத்தில் புதைத்துவிடலாம் என்று இருக்கிறேன், கரண்டிகூட எடுத்து வைத்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் செருப்புச் ச

பி.கு.: அப்பாதான். போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்ததாம். கையை நீட்டி, “எங்க அந்த வயரு?” என்றார். சாக்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “அழாத வாலு. இதை இப்படியா மடிப்பாங்க? உள்ள ஒடிஞ்சிடும்” என்று அழகாக வளையம் சுற்றி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். முதல் நாளே தெரியுமாம்! “ஆளு வரமாட்டான். டிவி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்.” “அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா” என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அவதான்டி என்னை அனுப்பினா. எங்கயாவது தொலைச்சிடப் போறா, பாத்துட்டு வாங்க, ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு மாட்டினாப் போதும்னு சொன்னா.”

ஆகவே சித்தி, மேலே எழுதியது எதுவும் ரகசியம் இல்லை, சித்தப்பாவுக்குக் காட்டலாம். தையல் அறை விஷயத்தை அப்பாவிடம் போனில் உளறியதே அவர்தானாம்! கரையான் வேண்டாம். ஊருக்குத் திரும்பிய பிறகு என்ன என்று அம்மா இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனாலும் தையல் மெஷினை நீங்கள் தனியாக நகர்த்தாதீர்கள், முதுகு பிடித்துக்கொள்ளும்.

எல்லோருக்கும் என் முத்தங்கள்.

உங்கள் வாலு