நெஞ்சுக்குள் கடிகாரம் வைத்தவர்

இதய வால்வு மாற்றிக்கொண்ட ஆண்மகன் என்று ஓர் இனம் இப்போது மலேசியாவில் நம் பக்கம் பரவி வருகிறது. பத்தாங் காலியில் ஒருவர், கலும்பாங்கில் ஒருவர் என்று எங்கும் அகப்படுவார். அடையாளம் சொல்கிறேன். சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்திருக்கும். மழை பெய்தாலும் திறந்தே இருக்கும். நெஞ்சைப் பிளந்து தைத்த தழும்பு வருகிறவர் போகிறவர் கண்ணில் பட வேண்டாமா? கோயில் கூட்டமோ, கல்யாணப் பந்தலோ, பக்கத்து வீட்டுச் சாவோ, எங்கே போனாலும் பேச்சு சுற்றி வளைத்து அவருடைய இதயத்துக்கு வந்து சேர்ந்துவிடும். செத்தவருக்குக்கூட அங்கே இரண்டாவது இடம்தான்.

மாதிரிக்குக் கெர்லிங் ஊர்த் துரைசிங்கத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்து நாலாம் வருஷம் கோலாலம்பூரில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் புறப்படும் வாசலில் இருந்த பழுதான வால்வை எடுத்துவிட்டு, உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். அது திறந்து மூடும் சத்தம் அமைதியான அறையில் வெளியே கேட்கும். கேட்காவிட்டால் அவர் விடுவாரா?

"கிட்ட வாங்கோ. மூச்சை அடக்கிக்கொண்டு கேளுங்கோ. டிக்... டிக்... கேக்குதோ?"

கேட்கிறது என்று சொல்லாமல் யாரும் அந்த வீட்டுப் படியிறங்கியதில்லை. ஒரு வருஷம் அவர் சாய்வு நாற்காலியை விட்டு எழவும் இல்லை. மைலோ டின்னோடு வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, மனைவி மங்கையற்கரசி கஞ்சி ஆற்றிக் கொடுத்து, மருந்தெடுத்துக் கொடுத்து, கால் பிடித்துவிட்டாள். இதில் எனக்குக் கோபமில்லை. அறுத்த நெஞ்சுக்கு ஓய்வு வேண்டும், யார் மறுத்தார்கள்? கோபம் இனிமேல்தான்.

இரண்டு வருஷம் கழித்து மங்கையற்கரசிக்கு மூச்சு வாங்கியது. "வயசு" என்றார் துரைசிங்கம். படியேற முடியவில்லை. "உடம்பு வைச்சிட்டுது" என்றார். ஒருநாள் அவள் கோயில் வாசலில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பார்த்தால் அதே வால்வு, அதே கோளாறு. அதே அறுவை, அதே தையல், அதே டிக் டிக். நாற்காலி மட்டும் ஒன்றுதான். அதில் அவர் இருந்தார்.

அறுவைக்குப் பிறகு நடந்த முதல் பரிசோதனையில் டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். பழுதான வால்வோடு மல்லுக்கட்டி இதயச் சுவர் தடித்துப்போயிருந்ததாம்; புது வால்வு வந்ததும் அது மெல்ல இளைக்க வேண்டுமாம். "அம்மாவுக்கு உங்களைவிட வேகமா இளைக்குது. பொம்பளைங்க சிலருக்கு அப்படித்தான். ஆனா நெஞ்செலும்பு இன்னும் கூடலை. வாளிகூடத் தூக்கக்கூடாது. மூச்சு முட்டினா உடனே கொண்டு வாங்க."

இந்த இனத்தின் காதுக்கு ஒரு விசேஷம் உண்டு. தனக்கு வேண்டியது விழுந்ததும் மூடிக்கொள்ளும். அன்று மாலையே கெர்லிங்கில் புது மருத்துவ சாஸ்திரம் பிறந்துவிட்டது.

"பொம்பிளையின்ர இதயம் ரப்பர். இழுத்து விட்டா உடனே பழைய அளவுக்கு வந்திடும். ஆம்பிளையின்ர இதயம் மெராந்தி மரக்கட்டை, நாளெடுக்கும். நான் சொல்லேல்லை, டொக்டரே சொன்னவர். இஞ்சேரும், தேத்தண்ணி எங்கே?"

தேத்தண்ணி வந்தது. கொண்டு வந்தவளிடம் யாராவது மரியாதைக்கு "உங்களுக்கு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டால், பதில் நாற்காலியிலிருந்து வரும். "அவவுக்கு ஒண்டுமில்லை. ஓடியாடித் திரியிறா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஆசிரியை பியாட்ரிஸ் தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் பின்வாசலாக நுழைந்தாள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வாளி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீருக்கு நடுவில் நெஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மங்கையற்கரசி.

"அக்கா! என்னாச்சு?"

"எலும்பு உள்ளுக்க அசையுது. மூச்சு வருகுதில்லை." அப்புறம் சொன்னாள்: "அவருக்குச் சொல்லாதைங்கோ. ஆக்கள் வந்திருக்கினம்."

பியாட்ரிஸ் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூடத்துக்குக் கொண்டு வந்தாள். அங்கே டிக் டிக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

"ஐயா, எந்திரிங்க."

"நான் ஹார்ட் பேஷண்ட், பிள்ளை."

"அவங்க யாரு லா? எந்திரிங்க!"

எழுந்தார். மங்கையற்கரசி நாற்காலியில் சாய்ந்தாள். கூடம் அப்படியே அடங்கிப்போயிற்று. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது, தாளம் தப்பி, ஓட ஓட விரட்டுவதுபோல். இத்தனை நாளும் அந்த வீட்டில்தான் இருந்த சத்தம். அதைக் கேட்கத்தான் அன்றுவரை யாரும் கிட்டப் போய்க் காது கொடுத்ததில்லை.

வந்தவர்களில் ஒருவருடைய காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எலும்பைக் கட்டியிருந்த கம்பி அறுந்திருந்ததாம். மறுபடி திறந்து கட்டினார்கள். பிழைத்துக்கொண்டாள், நல்லவேளை. துரைசிங்கம் திருந்தினார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. போன வாரம் கோயிலில் பார்த்தேன். பொத்தான் திறந்துதான் இருந்தது.

"மனிசிக்கு ரெண்டாம் தரமும் வெட்டினவங்கள். அண்டைக்கு என்ர நெஞ்சு பட்ட பாடு இருக்கே!"

சிரியுங்கள். சிரித்து முடித்ததும் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் தேநீரைக் கொஞ்சம் பாருங்கள். அதைப் போட்டுத் தந்தவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது? தெரியாதா? சரி, முதலில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, குசினிப் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.